கறவை மாடு, ஆடு, காவல் நாய்: எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்வது?

திருச்செந்தூர் வட்டத்தில் ஓரிரு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்குப் பெரும்பாலும் இரண்டு வகை வரவு உண்டு. வாழையும் நெல்லும் வெற்றிலையும் தருவது பருவ வரவு. பசுவும் ஆடும் தருவது அன்றாட வரவு. பருவ வரவு தவறினால் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். அன்றாட வரவு நின்றால் மறுநாள் காலையே வீட்டில் தெரிந்துவிடும். ஆகவே, இருக்கும் ஒரு பசுவை அல்லது பத்து ஆடுகளை இழப்பது சிறு விவசாயக் குடும்பத்துக்குப் பேரிழப்பாகும்.

இந்த இழப்பை ஈடு செய்வதற்கென்றே கால்நடைக் காப்பீடு இருக்கிறது. நம்மில் பலர் "காப்பீடு செய்தாயிற்றா, இல்லையா?" என்று மட்டுமே கேட்கிறோம். "எவ்வளவு தொகைக்கு?" என்று கேட்பதில்லை. உண்மையில் இந்த இரண்டாவது கேள்விதான் பணம் சம்பந்தப்பட்டது. அதற்கு எப்படி விடை காண்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

2023 டிசம்பர் வெள்ளம் கற்பித்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை எவரும் மறந்திருக்க முடியாது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. என்று மழை பதிவாயிற்று. நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை ஏறக்குறைய 65 செ.மீ. தான். அதாவது ஓராண்டு மழை ஒரே நாளில் கொட்டிற்று. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, தொழுவத்தில் கட்டியிருந்த மாடுகளும் பட்டியில் அடைத்திருந்த ஆடுகளும் பல ஊர்களில் மாண்டன.

அப்போது அரசு அறிவித்த நிவாரணம், இறந்த பசு அல்லது எருமை ஒன்றுக்கு ரூ.37,500, ஆடு ஒன்றுக்கு ரூ.4,000. இது துன்பத்தில் கிடைத்த நல்ல உதவி. ஆனால் நிவாரணத்தைப் பற்றி மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, நிவாரணம் என்பது மாட்டின் விலை அன்று. எட்டு லிட்டர் கறக்கும் பசுவுக்கும் மூன்று லிட்டர் கறக்கும் பசுவுக்கும் ஒரே தொகைதான். இரண்டாவது, பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 ஆண்டுகளுக்கான விதிகளில் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை இனத்தில் 3, ஆடு போன்ற சிறிய இனத்தில் 30 என்பது அந்த வரம்பு. மூன்றாவது, புயல், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். பாம்பு கடித்தோ, வயிறு உப்பியோ, கன்று ஈனும்போதோ, நெடுஞ்சாலையில் வண்டி மோதியோ மாடு இறந்தால் நிவாரணம் இல்லை. சாதாரண ஆண்டுகளில் நம் மாடுகள் இறப்பது பெரும்பாலும் இத்தகைய காரணங்களால்தானே?

எனவே நிவாரணத்தை நம்பிக் காப்பீட்டை விடுவதும், நிவாரணத் தொகையையே மாட்டின் மதிப்பாக எடுத்துக் கொள்வதும் சரியல்ல.

கடனுக்குக் காப்பீடா, மாட்டுக்குக் காப்பீடா?

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டது. 1973 முதல் நான்கு அரசு நிறுவனங்கள் அதை நடத்தத் தொடங்கின. அந்த ஆண்டுகளில் சிறு விவசாயிகள் வளர்ச்சி முகமை மூலமும், பின்னர் ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டத்தின் மூலமும் கறவை மாடு வாங்கக் கடன் வழங்கப்பட்டது. கடனோடு காப்பீடும் சேர்ந்து வந்தது. பிரிமியத்தைக் கடன் தொகையிலேயே பிடித்துக் கொள்வதும், பாலிசித் தாள் வங்கியிலேயே இருப்பதும் வழக்கமாயின. இதனால் "காப்பீடு என்பது வங்கியின் பாதுகாப்புக்கு" என்ற எண்ணம் நம் மக்களிடம் ஊன்றி விட்டது.

இன்றும் கடனில் வாங்கும் மாட்டைக் கடன் தொகை அளவுக்கு மட்டும் காப்பீடு செய்வோர் உண்டு. ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் ரூ.50,000-க்கு ஒரு பசு வாங்குகிறார். தன் கையிலிருந்து ரூ.15,000 போடுகிறார், வங்கிக் கடன் ரூ.35,000. காப்பீடும் ரூ.35,000-க்கே. ஆறு மாதத்தில் பசு இறந்தால் இழப்பீட்டுத் தொகை கடனுக்குப் போய்விடும். வங்கி தப்பியது. ஆனால் விவசாயியின் கைப்பணம் ரூ.15,000 போயிற்று, பசுவும் இல்லை. இவர் ரூ.50,000-க்குக் காப்பீடு செய்திருந்தால் கடன் தீர்ந்தபின் கையில் மீதம் இருந்திருக்கும். அதை முன்பணமாக வைத்து மற்றொரு பசுவைப் பிடிக்கலாம்.

எனவே முதல் விதி இது: காப்பீட்டுத் தொகையைக் கடன் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இறந்த மாட்டைப் போன்ற இன்னொரு மாட்டை இன்று வாங்க என்ன விலை ஆகுமோ, அதுவே காப்பீட்டுத் தொகை.

மாட்டின் மதிப்பைக் கணக்கிடும் முறை

அரசு மானியத்துடன் கூடிய காப்பீட்டுத் திட்டத்தில் மாட்டின் மதிப்பை மாட்டுக்காரர், கால்நடை மருத்துவர், காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஆகிய மூவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இதில் மாட்டுக்காரரும் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். மற்ற இருவர் சொல்லும் தொகைக்குத் தலையாட்டிக் கையெழுத்திடுவது உங்கள் வேலை அன்று. உங்கள் மாட்டைப் பற்றிய விவரங்களை எடுத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

2014-இல் தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் வெளியான நெறிமுறையில் குறைந்த அளவு மதிப்புக்கு ஓர் அளவுகோல் தரப்பட்டது. நாள் ஒன்றுக்குக் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் பசுவாயின் ரூ.3,000, எருமையாயின் ரூ.4,000 அல்லது உள்ளூர்ச் சந்தை விலை என்பது அது. எட்டு லிட்டர் பசுவுக்கு இந்தக் கணக்கில் ரூ.24,000 வரும். இது அடிமட்ட அளவே ஆகும். அந்த விலைக்கு எட்டு லிட்டர் பசு இன்று எந்தச் சந்தையிலும் கிடைக்காது என்பதை நீங்களே அறிவீர்கள். ஆகையால் "உள்ளூர்ச் சந்தை விலை" என்ற சொற்களையே நீங்கள் பிடித்துக் கொள்ள வேண்டும்.

சந்தை விலையைக் கணிக்கக் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. ஈற்று: இரண்டாம், மூன்றாம் ஈற்றுப் பசுவுக்கு மதிப்பு அதிகம். ஐந்தாம் ஈற்றுக்கு மேல் மதிப்பு குறையும்.

2. பால்: கன்று ஈன்ற முதல் மாதத்துப் பாலை வைத்துக் கணிக்க வேண்டாம், வற்றும் நிலையில் உள்ள பாலை வைத்தும் கணிக்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றும் அட்டை இருந்தால் அதைக் காட்டுங்கள். பாலுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

3. சினை: சினை உறுதி செய்யப்பட்ட மாட்டுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. செயற்கைமுறைக் கருவூட்டல் செய்த தேதியைக் குறித்து வைத்திருங்கள்.

4. வயதும் உடல் நிலையும்: பல், மடி, கால் ஆகியவற்றை மருத்துவர் பார்ப்பார். வழக்கமான பாலிசிகளில் கறவைப் பசு 10 வயது வரையும், கறவை எருமையும் உழவு மாடும் 12 வயது வரையும் ஏற்கப்படுவதுண்டு. திட்டங்களில் இதைவிடக் குறைந்த வயது வரம்பும் வைப்பார்கள்.

5. அக்கம்பக்க விலை: கடந்த இரண்டு, மூன்று மாதங்களில் உங்கள் ஊரிலோ அடுத்த ஊரிலோ இதே போன்ற மாடு என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். தரகர் சொல்லும் விலையை அப்படியே எடுக்க வேண்டாம். பணம் கொடுத்து வாங்கியவர் சொல்லும் விலையை எடுங்கள்.

மதிப்பில் கருத்து வேறுபாடு வந்தால் ஊராட்சியோ வட்டார வளர்ச்சி அலுவலரோ தீர்த்து வைக்கலாம் என்றும் அந்த நெறிமுறை கூறுகிறது.

குறைத்துச் செய்தால் என்ன? கூட்டிச் செய்தால் என்ன?

"தொகையைக் குறைத்தால் பிரிமியம் குறையுமே" என்று சிலர் நினைக்கலாம். எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பிரிமிய விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். கணக்குக்காக ஆண்டுக்கு நூற்றுக்கு 4 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பசுவின் சந்தை விலை ரூ.50,000 என்று கொள்வோம்.

ரூ.24,000-க்குக் காப்பீடு: முழுப் பிரிமியம் ரூ.960.
ரூ.50,000-க்குக் காப்பீடு: முழுப் பிரிமியம் ரூ.2,000.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு இத்திட்டத்தைத் திருத்தியது. அதன்படி விவசாயி செலுத்த வேண்டிய பங்கு பிரிமியத்தில் 15 விழுக்காடு மட்டுமே. மீதியை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து கொள்கின்றன. இதற்கு முன் பயனாளியின் பங்கு 20 முதல் 50 விழுக்காடு வரை இருந்தது. 15 விழுக்காடு என்றால் மேலே சொன்ன இரண்டு பிரிமியங்களிலும் உங்கள் பங்கு முறையே ரூ.144, ரூ.300. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு ரூ.156. இந்த ரூ.156-ஐ மிச்சப்படுத்தியவர், மாடு இறந்தால் ரூ.26,000 குறைவாகப் பெறுவார். இது சிக்கனம் ஆகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மானியத்துக்கு ஒரு மதிப்பு உச்சவரம்பு வைக்கப்படுவதும் உண்டு. வரம்புக்கு மேற்பட்ட மதிப்புக்கு உரிய பிரிமியத்தை விவசாயியே முழுதும் செலுத்த வேண்டியிருக்கும். வரம்பு ரூ.35,000 என்று வைத்துக் கொண்டால், அதுவரை பிரிமியம் ரூ.1,400, அதில் உங்கள் பங்கு ரூ.210. மீதி ரூ.15,000-க்கு முழுப் பிரிமியம் ரூ.600. ஆக மொத்தம் ரூ.810. மானிய வரம்போடு நின்று விடலாமா, மேற்கொண்டு ரூ.600 செலுத்தலாமா என்பதே இங்குள்ள கேள்வி. வீட்டில் ஒரே கறவைதான் உண்டு, அதன் பாலில்தான் குடும்பம் நடக்கிறது என்றால் செலுத்துவதே நல்லது. ஐந்தாறு மாடு உள்ளவர், ஒன்று போனால் மற்றவற்றின் வருவாயில் ரூ.15,000-ஐ ஈடு கட்ட முடியும் என்றால் வரம்போடு நிற்கலாம்.

இனி, மதிப்பைக் கூட்டிப் போடுவதைப் பற்றி. ரூ.50,000 பசுவை ரூ.70,000-க்குக் காப்பீடு செய்தால் லாபம் என்று எண்ணுவது தவறு. பல பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை, நோய் காணுமுன் மாட்டுக்கு இருந்த சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே இழப்பீடாகத் தரப்படும். கூடுதல் ரூ.20,000-க்குச் செலுத்திய பிரிமியம் வீண். அதோடு, மதிப்பு மிகையாகத் தெரிந்தால் விசாரணையும் நீளும். அரசுத் திட்டத்தின் பாலிசியில் ஒப்புக் கொண்ட மதிப்பையே தருவதாக இருக்கலாம். எந்த விதி உங்கள் பாலிசியில் உள்ளது என்பதைக் கேட்டு அறிந்து கொள்ளுங்கள்.

ஓராண்டா, மூன்றாண்டா?

மூன்றாண்டுப் பாலிசிக்குப் பிரிமியம் சற்று மலிவு. 2014 நெறிமுறையில் சாதாரணப் பகுதிகளுக்கு ஓராண்டு உச்ச விகிதம் நூற்றுக்கு 3 ரூபாயாகவும், மூன்றாண்டு உச்ச விகிதம் 7.50 ரூபாயாகவும் வைக்கப்பட்டிருந்தன. ஆண்டுதோறும் புதுப்பித்தால் 9 ரூபாய் ஆகும் இடத்தில் 7.50 ரூபாயில் முடிகிறது. மறந்து போய்ப் பாலிசி காலாவதியாகும் அச்சமும் இல்லை.

ஆனால் மாட்டின் மதிப்பு மூன்றாண்டு ஒரே அளவில் நிற்பதில்லை. முதல் ஈற்றுக் கிடேரியின் மதிப்பு அடுத்த இரண்டு ஈற்றில் ஏறும். இன்றைய மதிப்பில் மூன்றாண்டுக்குக் காப்பீடு செய்தால் மூன்றாம் ஆண்டில் காப்பீடு போதாமல் போகும். ஆகவே வளரும் கிடேரிக்கும் முதல் ஈற்று மாட்டுக்கும் ஓராண்டுப் பாலிசி எடுத்து, புதுப்பிக்கும்போது மதிப்பைத் திருத்துவது நல்லது. இரண்டாம், மூன்றாம் ஈற்று மாட்டுக்கு மூன்றாண்டுப் பாலிசி ஏற்றது. வயதான மாட்டுக்கு ஆண்டுதோறும் மதிப்பைக் குறைத்துக் கொண்டு வருவதே சரி.

காப்பீடு எதற்கு உதவாது?

கால்நடைக் காப்பீடு பெரும்பாலும் இறப்புக்கு மட்டுமே. மடிநோய்க்குச் செய்த வைத்தியச் செலவும், மாடு நோயில் கிடந்த நாட்களில் நின்றுபோன பாலும் அதில் அடங்கா. இந்தச் செலவுகளையும் சேர்த்து மாட்டின் மதிப்பை ஏற்றிப் போட்டுவிட்டால் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதற்கு வழி வேறு. கறக்கும் பாலில் லிட்டருக்கு 1 ரூபாய் வீதம் தனியே ஒதுக்குங்கள். எட்டு லிட்டர் பசு 300 நாள் கறந்தால் ரூ.2,400 சேரும். வைத்தியச் செலவுக்கு இது உதவும். செலவாகாத ஆண்டில் அடுத்த மாட்டுக்கு முன்பணமாகும்.

மாடு இறக்காமல், ஆனால் சினை பிடிக்கவோ பால் தரவோ நிரந்தரமாக இயலாமல் போவதும் உண்டு. உழவு மாடு உழைக்க இயலாமல் போகலாம். இதற்குக் கூடுதல் பிரிமியம் செலுத்தித் தனியே காப்பீடு பெறலாம். இதில் பல பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையில் 75 விழுக்காடு வரைதான் கிடைக்கும். விலை உயர்ந்த கலப்பினப் பசு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கீழ்க்கண்டவற்றுக்கு இழப்பீடு கிடைப்பதில்லை:

1. காப்பீடு செய்யுமுன்பே இருந்த நோய் அல்லது காயம். தொடக்கத்தில் சில நாட்கள் காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் நோயால் இறந்தாலும் கிடைக்காது.
2. கவனக்குறைவு, பட்டினி, அளவு மீறிய பாரம், தகுதியற்றவர் செய்த வைத்தியம்.
3. திருட்டு, கள்ள விற்பனை, மாடு காணாமற்போதல்.
4. தடுப்பூசி போடாத நிலையில் கோமாரி, அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான் போன்ற நோய்களால் நேரும் இறப்பு.

கோமாரி நோய்க்கு 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இலவசமாகத் தடுப்பூசி போடப்படுகிறது. தடுப்பூசி போட்ட நாளை எழுதி வாங்கிப் பாலிசியோடு வைத்துக் கொள்ளுங்கள்.

ஆடுகளுக்கு எப்படி?

தேரி மணலிலும் கரிசலிலும் கன்னி ஆடும் கொடி ஆடும் வெம்பூர்ச் செம்மறியும் வளர்ப்போர் நம் மாவட்டத்தில் பலர். ஆட்டுக் கணக்கு மாட்டுக் கணக்கைப் போன்றதன்று. ஓர் ஆடு இறந்தால் குடும்பம் தாங்கும். ஆட்டுக்கொல்லி நோயோ துள்ளுமாரியோ வெள்ளமோ வந்து ஒரே வாரத்தில் பாதி மந்தை போனால் தாங்காது. ஆகவே ஆட்டுக்காரர் அஞ்ச வேண்டியது மந்தை மொத்தமாக அழிவதற்கே.

திட்டத்தில் 10 ஆடுகள் ஒரு கால்நடை அலகாகக் கொள்ளப்படும். ஆடுகளுக்கு முன்பு 5 அலகாக இருந்த வரம்பு 2024 திருத்தத்தில் 10 அலகாக உயர்த்தப்பட்டது. 20 ஆடுகள், ஒன்றின் விலை ரூ.8,000 என்றால் மொத்த மதிப்பு ரூ.1,60,000. நூற்றுக்கு 4 ரூபாய் வீதம் பிரிமியம் ரூ.6,400; அதில் 15 விழுக்காடு ரூ.960. மானியம் கிடைக்குமானால் எல்லா ஆடுகளையும் முழு மதிப்புக்குக் காப்பீடு செய்வதில் தயக்கமே வேண்டாம்.

அந்த ஆண்டுக்குரிய மானிய ஒதுக்கீடு முடிந்துவிட்டால் என்ன செய்வது? முழுப் பிரிமியம் ரூ.6,400 என்பது ஏறக்குறைய ஓர் ஆட்டின் விலை. அப்போது இனப்பெருக்கத்துக்கு வைத்துள்ள பெட்டை ஆடுகளையும் பொலி கிடாயையும் மட்டும் காப்பீடு செய்யுங்கள். இறைச்சிக்காகச் சில மாதங்களில் விற்கப்போகும் கிடாய்களை விட்டுவிடலாம். பெட்டைகள் மிஞ்சினால் மந்தையை மீண்டும் பெருக்க முடியும். ஆட்டின் மதிப்பைச் சொல்ல எட்டயபுரம், மேலப்பாளையம் சந்தைகளில் நடக்கும் விலையை விசாரித்துக் கொள்ளுங்கள். பண்டிகைக் கால விலையை எடுக்க வேண்டாம். சாதாரண வார விலையே நிற்கும்.

காவல் நாய்க்குக் காப்பீடு தேவையா?

கிடை போடுவோரும் தோட்டத்தில் குடியிருப்போரும் நாய் வளர்க்கிறார்கள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் பகுதி நாய்கள் இன்று நல்ல விலைக்குப் போகின்றன. நாய்க்கும் காப்பீடு உண்டு. பிறந்து 8 வாரம் முதல் 8 வயது வரையிலான நாய்களை ஏற்கும் பாலிசிகள் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளன. அண்மைக்காலத்தில் நாயின் மருத்துவச் செலவையும் ஏற்கும் பாலிசிகள் வந்துள்ளன. இவற்றுக்கு அரசு மானியம் இல்லை.

நாய்க்கு எவ்வளவு தொகை என்று முடிவு செய்யும்போது மாட்டுக் கணக்கை அப்படியே போடக்கூடாது. மாட்டில் பெரிய இழப்பு அதன் விலை. நாயில் பெரும்பாலும் விலை சிறிது. அறுவைச் சிகிச்சைச் செலவும், அது பிறரைக் கடித்தால் வரும் பொறுப்பும் பெரிது. எனவே மூன்றையும் தனித்தனியே பாருங்கள்.

விலை: சாதாரண நாட்டு நாய்க்கு இறப்புக் காப்பீடு தேவையில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியதும், குட்டிகளை விற்று வருமானம் தருவதுமான இன நாய்க்கு வாங்கிய ரசீதில் உள்ள விலைக்குக் காப்பீடு செய்யலாம்.

மருத்துவச் செலவு: எலும்பு முறிவு போன்ற ஒரு சிகிச்சைக்கு உங்கள் பகுதியில் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தத் தொகையைக் கையிலிருந்து கொடுக்க முடியுமானால் காப்பீடு வேண்டாம். முடியாதெனில் அந்த அளவுக்கு மட்டும் எடுங்கள். அரசு மருந்தகம் அருகில் இருந்தால் தேவை இன்னும் குறையும்.

பிறருக்கு நேரும் தீங்கு: பாதையோரத் தோட்டத்தில் பெரிய நாய் வளர்ப்பவர், மூன்றாம் நபர் இழப்புக்கும் சேர்த்துத் தரும் பாலிசியைத் தேடுவது நல்லது.

இவை மூன்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது வெறிநோய்த் தடுப்பூசி. தடுப்பூசி போடாத நாய்க்கு எந்தப் பாலிசியும் பயன்படாது. வெறிநோய் முற்றிய நிலையில் மனிதனுக்கும் மருந்து கிடையாது. சிறு விவசாயி நாய்க்காகச் செலவிடும் முதல் ரூபாய் தடுப்பூசிக்கே போக வேண்டும்.

காப்பீடு செய்த பின் கவனிக்க வேண்டியவை

1. காது வில்லை: 12 இலக்க எண் கொண்ட காது வில்லையே உங்கள் மாட்டுக்கு அடையாளம். வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை. வில்லை விழுந்துவிட்டால் அன்றே நிறுவனத்துக்கும் மருந்தகத்துக்கும் தெரிவித்து வேறு வில்லை போட்டுப் புது எண்ணைப் பாலிசியில் பதிந்து கொள்ளுங்கள்.

2. படம்: வில்லை எண் தெரியும்படி மாட்டோடு நீங்கள் நிற்கும் படம் ஒன்று எடுத்து வைத்திருங்கள்.

3. பாலிசித் தாள்: வங்கியில் மூலத்தாள் இருந்தால் நகல் ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள், காத்திருப்புக் காலம் ஆகிய நான்கையும் படித்துப் பாருங்கள்.

4. நோய் கண்டால்: உடனே மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

5. இறந்தால்: புதைப்பதற்கு முன் நிறுவனத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவியுங்கள். பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைத்துவிட்டால் இழப்பீடு பெற இயலாது. தகவல் கடிதம், பாலிசி, இழப்பீட்டு விண்ணப்பம், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகிய நான்கும் முக்கியம். இவை அனைத்தும் கிடைத்த 15 நாளில் இழப்பீடு தர வேண்டும் என்பது திட்ட விதி.

6. விற்றால்: மாட்டை விற்கும்போது மீதமுள்ள காலத்துக்குக் காப்பீட்டை வாங்குபவர் பெயருக்கு மாற்றலாம். அதைச் சொல்லி விலை பேசுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உடலும் வில்லையும் கிடைக்காத மாட்டுக்கு இழப்பீடு பெறுவது மிகக் கடினம். ஆற்றங்கரையிலும் குளத்தின் கீழும் தொழுவம் வைத்திருப்போர், மழை எச்சரிக்கை வந்தவுடன் கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள். அதற்கு நேரம் இல்லையெனில் கயிற்றையாவது அவிழ்த்து விடுங்கள். அவிழ்த்த மாடு நீந்திக் கரை சேரும். கட்டிய மாடு கட்டிய இடத்திலேயே மூழ்கும். எந்தக் காப்பீட்டுத் தொகையும் உயிருள்ள மாட்டுக்கு ஈடாகாது.

சுருக்கமாக

இந்த மாதத்திலேயே ஒரு தாளை எடுத்து உங்கள் தொழுவத்திலும் பட்டியிலும் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் நேராக மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இது போன்ற இன்னொன்றை இன்று வாங்க எவ்வளவு ஆகும்? அதில் என் கையிலிருந்து எவ்வளவு போட முடியும்? இதன் பேரில் கடன் எவ்வளவு நிற்கிறது? முதல் கேள்வியின் விடையே காப்பீடு செய்யத்தக்க முழுத்தொகை. பிரிமியம் தாங்காவிட்டால், இரண்டாம் கேள்வியின் விடை அளவுக்கு மட்டும் குறைத்துக் கொள்ளலாம்; அதற்கு மேல் குறைக்கக் கூடாது. கடன் நிற்கும் மாட்டுக்குச் சிறிதும் குறைக்க வேண்டாம்.

அந்தத் தாளோடு பால் அட்டையையும் எடுத்துக் கொண்டு உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். மானிய ஒதுக்கீடு ஆண்டுதோறும் அளவோடுதான் வருகிறது. முந்திச் செல்பவர்களுக்கே கிடைக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், காத்திருப்புக் காலமும் கழிந்துவிடும்படி, காப்பீட்டை முடித்து வையுங்கள்.